முப்பத்தொரு முதுகுகள்

மூன்று நாளாக அந்த வகுப்பில் தணிகைவேல் ஒரு முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. முப்பத்தொரு பிள்ளைகளும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் இல்லை. இருமல்கூட இல்லை.

ஆசிரியர் பயிற்சிக்காக அந்த மலைப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவன் அவன். பதினைந்து நாளில் பாடம் நடத்திக் காட்டணும். இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது. உண்மையைச் சொன்னால், பிள்ளைகளைவிடச் சான்றிதழ்மேல்தான் அவனுக்குக் கவலை.

பயிற்சி கொடுக்கும் சூசையம்மாள் டீச்சர் பஸ் பிடித்து வந்தார். வாசலில் நின்று முதுகுகளைப் பார்த்தார். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்.

"முதல் நாள் என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல டீச்சர். அடிக்கல, திட்டல. சத்தியமா."

"பண்ணாததை நான் கேக்கல."

"தலையை எண்ணினேன். முப்பத்தொண்ணு. ரிஜிஸ்டரோட சரியா இருந்தது."

"எப்படி எண்ணினே?"

விரலை நீட்டிக் காட்டினான்.

"படு."

"என்ன டீச்சர்?"

"தரையில படுடா. கண்ணை மூடு."

படுத்தான். சிமெண்டுத் தரை சில்லிட்டது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நேர் மேலே ஒரு குரல். டீச்சர் குரல் மாதிரியே இல்லை.

"ஒண்ணு."

பதறி எழுந்தான்.

"இந்த ஊர்ல செத்தவங்களைத்தான் விரல் நீட்டி எண்ணுவாங்க" என்றார் டீச்சர். "உயிரோட இருக்கிறவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. முகம் காட்டினா மறுபடி எண்ணிடுவியோன்னு பிள்ளைங்களுக்குப் பயம்."

"பயிற்சியில இதை யாரும் சொல்லித் தரலையே."

"எனக்கும்தான் தரல. பஸ்ஸை விட்டு இறங்கினதும் இங்க சோறாக்குற பொன்னியைக் கேட்டேன். மூணு நாளா அவ சோத்தைத்தானே தின்னே? ஒரு வார்த்தை கேட்டியா?"

"இப்ப என்ன பண்றது?"

"அவங்களோட உட்காரு. நீயும் சுவரைப் பாரு. கையைக் கட்டிக்கோ. அவங்களா பேசுற வரைக்கும் கையை எடுக்காதே."

உட்கார்ந்தான். ஒரு நாள். ரெண்டு நாள். நாலாம் நாள், பக்கத்தில் இருந்த சின்னப் பெண் மெதுவாகத் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நீ! உன் பேர் என்ன பாப்பா?"

விரல் அவள் நெற்றிக்கு நேராக நின்றது.

அவள் அழவில்லை. பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் நீட்டிப் படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அவங்களா பேசுற வரைக்கும் கையை எடுக்காதே என்று சொல்லியிருந்தார் டீச்சர். அவன் விரல் நீட்டியபடியே நின்றது. அவள் இன்னும் பேசவே இல்லை.