தாவ மறுத்த தலைவர்

மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கே ஒரு குரங்குக் கூட்டம் வாழ்ந்தது. அதன் தலைவர் பெயர் கட்டாரி. தலைவர் என்றால் சும்மாவா! காலை முதல் சாலையோரச் சுவரில் சாய்ந்தபடி இருப்பார். காரில் வருகிறவர்கள் போண்டாவும் சிப்ஸும் நீட்டுவார்கள். தின்றுவிட்டு அதே இடத்தில் தூங்கிவிடுவார்.

தொந்தி வளர வளர மதிப்பும் வளர்ந்தது. "நம்ம தலைவர் வயித்தைப் பாருங்க, என்னா களை!" என்று குட்டிகள் வியந்தன.

கட்டாரிக்கும் பெருமைதான். ஆனால் சில நாளாக மரம் ஏறினால் நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல் இருந்தது. இடது கையும் வலித்தது. உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

"வெறும் வாயு!" என்று இஞ்சியைக் கடித்துக்கொண்டார்.

"வாயுன்னா ஏப்பம் வரணும். உங்களுக்கு வேர்த்துக் கொட்டுதே!" என்றாள் மனைவி சிட்டம்மா.

அத்திப்பழக் காலம் வந்தது. பழமரம் ஓடைப் பள்ளத்துக்கு அக்கரையில் இருந்தது. முதலில் தலைவர் தாவ வேண்டும். கிளை தாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றவர்கள் தாவுவார்கள். அது அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

சிட்டம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முந்தின நாளே மரங்கொத்தியைக் கூட்டி வந்தாள். மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே சொத்தை இருப்பதைச் சொல்லிவிடும் கெட்டிக்காரப் பறவை அது. கட்டாரியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டது.

"உங்க அப்பா எப்படிப் போனாரு?"

"நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு மரத்துலேருந்து விழுந்தாரு. கண்ணுபட்டுப் போச்சு!"

"தாத்தா?"

"அவருக்கும் கண்ணுபட்டதுதான்!"

"தினமும் நடக்கிறதுண்டா?"

"தலைவன் எதுக்கு நடக்கணும்?"

"கோபம் வருமா?"

"எனக்கா? எவன் சொன்னான்? கூப்பிடு அவனை!"

சிட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரங்கொத்தி சிரிக்கவில்லை.

"அண்ணே, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாயில கொழுப்பு படிஞ்சிருக்கு. சும்மா இருக்கும்போது வர்ற ரத்தம், ஏறும்போது பத்தல. அதான் வலி. எண்ணெயும் உப்பும் தின்னு தின்னு உட்கார்ந்தே இருந்திருக்கீங்க. அப்பா வழியிலயும் இருக்கு. நாளைக்குத் தாவினா அந்தரத்துலயே உயிர் போயிடலாம்!"

"தாவலேன்னா மானம் போயிடுமே!" என்றார் கட்டாரி.

மறுநாள் காலை கூட்டமே பள்ளத்தின் ஓரம் கூடியது. குட்டிகள் கைதட்டின. கட்டாரி விளிம்பில் நின்றார். கீழே பாறைகள். நெஞ்சு மறுபடி அழுத்தியது. திரும்பிப் பார்த்தார். சிட்டம்மா கண்ணீரோடு நின்றாள். அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"எனக்கு நெஞ்சு வலிக்குது! நான் தாவ மாட்டேன்!" என்று கத்தினார்.

உடனே பின்வரிசையில் ஒரு தொந்திக் குரங்கு மெல்லக் கை தூக்கியது.

"தலைவரே, எனக்கும்தான்!"

"எனக்கும்! வாயுன்னு நெனச்சேன்!"

"எங்க வீட்டுக்காரருக்கும் இருக்கு, வெளியே சொல்ல மாட்டேங்கிறாரு!"

மரங்கொத்திக்குத் தலை சுற்றியது. "தள்ளாதீங்க, வரிசையா வாங்க!"

"கிளையைச் சோதிக்கத்தானே ஆள் வேணும்? நான் போறேன்!" என்று சிட்டம்மா ஒரே தாவாகத் தாவினாள். கிளை தாங்கியது. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். கட்டாரியின் கூச்சல்தான் எல்லாவற்றையும் விடப் பெரிது.

மரங்கொத்தி எல்லோருக்கும் மருந்துப் பட்டை கொடுத்தது. கொஞ்ச நாள் ஓய்வு, பிறகு மெதுவான நடை என்றது. அதன்படி தொந்திக்காரர்கள் ஓடைக்கரையைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். வலித்தால் உடனே உட்கார்ந்துவிடுவார்கள். பழமும் இலையும்தான் சாப்பாடு. முதல் வாரம் கட்டாரியின் மூக்கு மட்டும் கார்கள் பக்கமே திரும்பியது, பாவம்! போகப் போக அதுவும் பழகிவிட்டது. நெஞ்சு லேசானது, கோபம்கூடக் குறைந்தது.

நெஞ்சு வலிப்பதை மறைக்காமல் சொல்லி, உண்ணும் உணவையும் நடக்கும் நடையையும் மாற்றிக்கொள்பவரே நெடுநாள் வாழ்வார்.