பொன்னுரங்கம் தும்பியில் பாலக்காடு போனது

மேட்டுப்பாளையத்தில் டயர் கடை வைத்திருக்கும் பொன்னுரங்கம், எங்கள் பட்டாம்பூச்சிக் குழுவில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் தலைவர் பதவி மேல் ஆசை வந்துவிட்டது. குழுவை நடத்துகிற செண்பகவல்லியிடம் நேராகவே கேட்டார். கல்லாறு காட்டில் ஒரு நடை போய்விட்டு வந்து பேசிக்கொள்ளலாம் என்றாள் அவள்.

சித்திரை வெயில், மர நிழலிலேயே வியர்வை ஊற்றியது. செண்பகவல்லி தேடியது தமிழ் மறவனை. ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி. பல கோடையாக அலைந்தும் அவள் கண்ணில் படவில்லை. அன்றைக்கும் அதே கதிதான். அலுத்துப்போய் ஓடைக்கரையில் உட்கார்ந்தோம். பொன்னுரங்கம் ஆரம்பித்தார்.

இதே ஓடையில் முறம் அகலத்துக்கு ஒரு பட்டாம்பூச்சியைப் பார்த்தாராம். முறம் அகலம் குட்டிதானாம். தாய் சிறகை விரித்ததும் ஊரே இருண்டு, மழை என்று நினைத்து எல்லோரும் காயப்போட்ட மிளகாயை அள்ளிக்கொண்டு ஓடினார்களாம்.

பட்டாம்பூச்சிக் குட்டி புழுவாக அல்லவா இருக்கும் என்று கேட்டான் ஜமால். எங்கள் குழுவில் இருக்கும் பஸ் கண்டக்டர், எதையும் சும்மா விடமாட்டான்.

"அது ஊருக்குள்ள இருக்கற ஜாதிக்குங்க தம்பி" என்றார் பொன்னுரங்கம், கண்ணிமைக்காமல்.

அடுத்து தும்பி. வாலில் நூல் கட்டினாராம். அது இவரையும் தூக்கிக்கொண்டு மலையைத் தாண்டிப் பாலக்காட்டில் இறக்கிவிட்டதாம். டீ குடித்துவிட்டு, அதிலேயே ஏறித் திரும்பினாராம். டிக்கெட் எவ்வளவு என்றான் ஜமால். தெரிந்த தும்பி என்பதால் வாங்கவில்லையாம்.

அந்த நேரத்தில்தான் அது வந்தது. ஆரஞ்சுச் சிறகு, கறுப்பு ஓரம். ஓடையைச் சுற்றிவிட்டு, பொன்னுரங்கத்தின் வழுக்கை மண்டையில் இறங்கி, வியர்வையை உறிஞ்ச ஆரம்பித்தது. செண்பகவல்லி என் கையை இறுகப் பிடித்தாள். ஜமால் வாயைத் திறந்தவன் அப்படியே இருந்துவிட்டான். எல்லோர் கண்ணும் அவர் தலை மேல்.

இப்படி வாய்பிளந்து யாரும் தன்னைக் கேட்டதில்லை என்பது பொன்னுரங்கத்தின் முகத்திலேயே தெரிந்தது. குரல் குழைந்தது. கரையான் அவருடைய ஜீப்பைத் தின்றதாம். ஸ்டெப்னியை மட்டும் விட்டுவைத்ததாம், அவர் கடை டயர் என்பதால். சில்வண்டுகள் கத்திய கத்தலில் ஊட்டி ரயில் தன் ஊதல் தனக்கே கேட்காமல் பயந்து பின்னாலேயே இறங்கிப்போனதாம். கடைசியில் காட்டுப் பூச்சிகள் எல்லாம் கூடி அவரைத் தலைவராக்கினவாம். அவர்தான் வியாபாரத்தை விட்டு வரமுடியாது என்று மறுத்தாராம்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மூச்சுகூட விடவில்லை.

கதை முடிந்த பெருமையில் அவர் நிமிர்ந்தார். மறவன் எழும்பி, மரங்களுக்குள் போய்விட்டது. செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துப் பொன்னுரங்கமும் கண்ணைக் கசக்கிக்கொண்டார். மெல்லக் கேட்டார்.

"அப்ப அடுத்த நடைக்கு நான்தானுங்களே தலைவர்?"

"தலைவரா நானே இருந்துக்கறேனுங்க" என்றாள் செண்பகவல்லி. "நீங்க தலையை மட்டும் கொண்டு வாங்க."