வாட்ச் வைத்த பலகை

தூத்துக்குடி மரப்பட்டறை ஒன்றில், கம்ப்யூட்டர் புரோகிராம்படி மரம் செதுக்கும் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறவள் அமலி. புது டிசைன் எது வந்தாலும், கட்டரைப் பலகைக்கு ஒரு சாண் மேலே தூக்கி, வெறும் காற்றில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் மரத்தில் இறக்குவாள்.

சென்னையிலிருந்து மேனேஜராக வந்து இறங்கிய தயாபரனுக்கு இது பொறுக்கவில்லை. அன்றைக்குக் கல்யாண மண்டபத்துக் கதவு வேலை. ஒரே தேக்குப் பலகையில் எதிரெதிராக இரண்டு யானை.

"காத்துல என்ன சித்திரம் வரையப் போற? நேரா மரத்துல இறக்கு. என் புரோகிராம்ல தப்பே வராது. முடியாதுன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

பலகை கெட்டாலும் வேலை போகப்போவது தனக்குத்தான் என்று அமலிக்குத் தெரியும்.

"சரி சார். ரெண்டு யானைக்கும் நடுவுல கட்டர் மரத்தைத் தொடாதுல்ல?"

"எப்படித் தொடும்? நாலு விரல் உயரத்துக்கு எழும்பித்தான் தாண்டும்."

"அப்போ உங்க வாட்சைக் கழட்டி அந்த எடத்துல வைங்க சார்."

பட்டறையே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. தயாபரன் வீறாப்பாக வாட்சைக் கழற்றி வைத்தார். அமலியின் விரல் பட்டனுக்குப் போனது.

"இரு, இரு! எதுக்கும் ஒரு தடவை காத்துல ஓட்டிப் பாத்துடு."

"வாட்சுக்கு வேணும், மரத்துக்கு வேண்டாமா சார்?"

கட்டர் ஒரு சாண் மேலே ஓடியது. முதல் யானையை முடித்ததும் துளிகூட எழும்பாமல், செதுக்கும் அதே மட்டத்திலேயே அடுத்த யானைக்குப் போனது. மரத்தில் இறக்கியிருந்தால் வாட்சை உடைத்துப் பலகையில் வாய்க்கால் வெட்டியிருக்கும்.

தயாபரன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். எழும்பும் உயரத்துக்கான கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. அதைத் திருத்திவிட்டு, தலை நிமிராமல் சொன்னார்: "மரத்துல எப்போ இறக்கலாம்னு நீயே சொல்லும்மா."