செண்பகவல்லி சாப்பிட்டாள்

புன்னைவாசல் வைத்தியலிங்கத்தின் பாட்டு ஒன்றாவது தெரியாத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை. கல்யாண ஊஞ்சலில் பாடுகிற 'மெல்ல அசைவாய்' அவர் செய்தது. ஆற்றில் புதுத்தண்ணீர் வரும் நாளில் பெண்கள் படித்துறையில் பாடுவதும் அவருடைய பாட்டுதான். பாடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது.

அவருக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் சட்டைநாதன். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிட வயதில் மூத்தவர். மனைவி இறந்த பிறகு ஒருநாள் வெளியூரிலிருந்து வந்து, பாட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

"இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்டார் வைத்தியலிங்கம்.

"இதுவரைக்கும் பேசிக்கிட்டே இருந்துட்டேன் ஐயா."

வைத்தியலிங்கம் சிரித்தார். பாயை விரித்துப் போட்டார். அன்றிலிருந்து குரு அவரைப் 'பண்டிதரே' என்று அழைத்தார்.

பக்கத்து நகரத்தின் சங்கீத சபை, வைத்தியலிங்கத்தின் பாட்டுகளை மட்டுமே வைத்து ஒரு விழா எடுக்க முடிவு செய்தது. கச்சேரிக்கு முன்னால் அவருடைய வாழ்க்கையையும் புகழ்பெற்ற பாட்டுகளையும் பற்றிச் சட்டைநாதன் அறிமுக உரை பேச வேண்டும் என்று கேட்டார்கள்.

சட்டைநாதன் மறுநாள் காலையிலேயே குருவின் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பேசப் போறதைச் சொல்றேன். தப்பு இருந்தா திருத்தணும்."

"சொல்லும்."

"கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவாரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே அவர் குரலைக் கேட்க ஊர் கூடியது. மீசை அரும்பும் பருவத்தில் குரல் உடைந்தது. மறுபடி சேரவே இல்லை. இறைவன் குரலை எடுத்துக்கொண்டு பாட்டைக் கொடுத்தான்..."

"கடைசி வரியை எடுத்துடும்."

"ஏன் ஐயா?"

"குரல் போனது போனதுதான். அதுக்குப் பதிலா யாரும் எதுவும் கொடுக்கலை. வெகுநாள் வெறும் ஆளாத்தான் இருந்தேன். பாட்டு பிறகு வந்தது."

சட்டைநாதன் அந்த வரியை விட்டுவிட்டார். ஒரு கல்யாண வீட்டில், யார் என்று தெரியாமல், வைத்தியலிங்கத்துக்கே அவருடைய ஊஞ்சல் பாட்டைச் சொல்லிக்கொடுத்த பெண்ணைப் பற்றிச் சொன்னார்.

"அது இருக்கட்டும். அந்தப் பொண்ணு நல்லாப் பாடிச்சு."

பிறகு சட்டைநாதன் பேச்சை நிறுத்திக்கொண்டார். அடுத்து வர வேண்டியது 'தாயே, ஒரு பிடி' என்ற பாட்டு. ஆகிரி ராகம். வைத்தியலிங்கத்தின் பாட்டுகளிலேயே அதிகம் பேர் அறிந்தது அதுதான்.

அதைப் பற்றி ஊரில் ஒரு கதை இருந்தது. ஒருநாள் காலையில் வைத்தியலிங்கம் வீட்டில் அதைப் பாடினார். ஊர்க் கோயிலின் அம்பாளான செண்பகவல்லி நேரில் வந்து, தட்டிலிருந்து ஒரு பிடி சோறு எடுத்துச் சாப்பிட்டாள். சோற்றில் விரல் தடம் இருந்தது. விழா மேடையில் தொங்கவிட அந்தக் காட்சியைச் சபைக்காரர்கள் பெரிய படமாகவே எழுதி வைத்திருந்தார்கள்.

"ஏன் நிறுத்திட்டீர்?"

"ஐயா, காலமெல்லாம் பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவன் நான். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னதில்லை. அம்பாள் வந்தது நிஜமா?"

"நிஜமில்லைன்னா?"

"வேற ஆளைப் பார்த்துக்குங்கன்னு சபைக்குச் சொல்லிடுவேன்."

வைத்தியலிங்கம் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்தது. உமக்குத் தெரியுமா?"

சட்டைநாதனுக்குத் தெரியாது. இத்தனை காலம் அந்த வீட்டுக்கு வந்து போகிறார். யாரும் சொன்னதில்லை.

குழந்தையின் பெயர் தையல்நாயகி. ஆறு வயது. ஒரு காய்ச்சல் வந்து, வைத்தியர் வந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வைத்தியலிங்கத்தின் மனைவிக்கும் செண்பகவல்லி என்றுதான் பெயர். ஊர் அம்பாளின் பெயரையே அவளுக்கு வைத்திருந்தார்கள். குழந்தை போன அன்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. தட்டை வைத்தால் நகர்த்தி வைத்தாள். அவளுடைய அம்மா வந்து காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, உடம்பில் நோய் ஒன்றும் இல்லை, ஆனால் இப்படியே விட்டால் தாங்காது என்றார்.

"நான் பேசினேன், பண்டிதரே. எனக்குத் தெரிஞ்ச நல்ல வார்த்தை எல்லாம் சொன்னேன். அவ ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தா. 'உங்களுக்குப் பேச்சு வருதே'ன்னா. அதோட நான் வாயை மூடிக்கிட்டேன்."

மறுநாள் காலை அவர் சோற்றைக் குழையப் பிசைந்து தட்டில் எடுத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவளைக் கூப்பிட வேண்டும். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. 'தையல் அம்மா' என்றுதான் கூப்பிடுவார். அன்று அது வாயில் வரவில்லை.

"தாயேன்னு கூப்பிட்டேன். குழந்தை போன பிறகு அவளை அப்படிக் கூப்பிட வீட்டுல ஆள் இல்லை. யாராவது கூப்பிடணுமேன்னு தோணிச்சு. கூப்பிட்டது பாட்டா வந்துட்டுது."

"ஆகிரியிலயா?"

"ஆகிரின்னு பிற்பாடுதான் தெரிஞ்சது."

ஆகிரி பாடினால் அன்று சோறு கிடைக்காது என்று பாடகர்கள் பயப்படுவார்கள். காலையில் அந்த ராகத்தைத் தொடவே மாட்டார்கள்.

"பயமா இல்லையா ஐயா?"

"சோறு தட்டுல இருந்தது, பண்டிதரே. சாப்பிடத்தான் ஆள் இல்லை."

உடைந்த குரல். மேலே போக வேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. அவர் நிறுத்தவில்லை. 'தாயே, ஒரு பிடி' என்ற அந்த அடியையே திரும்பத் திரும்பப் பாடினார். வெயில் ஏறிக்கொண்டே போனது. அவள் கையை நீட்டினாள். ஒரு பிடி எடுத்தாள். வாயில் போட்டு மெதுவாக மென்று விழுங்கினாள். அப்புறம்தான் அழுகை வந்தது.

"எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. தெருவுக்கு ஓடினேன். அதுவரைக்கும் வாய்விட்டுச் சொல்லாத பேரைச் சொல்லிக் கத்தினேன். செண்பகவல்லி சாப்பிட்டா, செண்பகவல்லி சாப்பிட்டுட்டான்னு."



தெருவில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். 'தாயே' என்று உள்ளேயிருந்து வந்த பாட்டை அவர்கள் கேட்டிருந்தார்கள். அந்த ஊரில் எந்தப் புருஷனும் பெண்டாட்டி பெயரைத் தெருவில் நின்று சொன்னதில்லை. செண்பகவல்லி என்றால் அம்பாள்தான். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கதவு மறைவில் இருந்தவள் அவர் கண்ணில் படவில்லை. தட்டுச் சோற்றில் விரல் தடம்தான் தெரிந்தது. மத்தியானத்துக்குள் வீட்டு வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டார்கள்.

"நீங்க இல்லைன்னு சொல்லலையா?"

"உள்ள அவ இன்னொரு பிடி எடுத்துக்கிட்டிருந்தா. நான் உள்ள போயிட்டேன்."

சட்டைநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதைத்தான் ஐயா சொல்லணும். ஊர் சொல்ற கதையைவிட இது பெரிசு. அந்தப் படத்தை மாட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்."

"சாப்பிட்டவ கொல்லைப்புறத்துல இருக்கா. அவளைக் கேளும்."

செண்பகவல்லி கிணற்றடியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். சட்டைநாதன் எதிரில் போய் நின்றார்.

"வாங்க அண்ணே."

அவர் வந்த விஷயத்தைச் சொன்னார். அவள் கை நின்றது.

"அவரா சொன்னாரு?"

"ஆமாம்மா."

"குழந்தை பேரைச் சொன்னாரா?"

"தையல்நாயகின்னு சொன்னார்."

அவள் கீரைக் கொத்தைக் கீழே வைத்தாள். "சொல்லிட்டாரா" என்றாள், மெதுவாக.

"விழாவுல இதைச் சொல்லட்டுமாம்மா?"

"வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்து பார்த்திருக்கீங்களா அண்ணே?"

"இல்லைம்மா."

"எங்கெங்கிருந்தோ பொம்பளைங்க வருவாங்க. பிள்ளையைப் பறிகொடுத்தவங்க, புருஷனைப் பறிகொடுத்தவங்க. சோறு இறங்கலைன்னு வீட்டு மனுஷங்க கூட்டிட்டு வருவாங்க. சந்நிதியில தட்டை வெச்சுட்டு யாராவது இந்தப் பாட்டைப் பாடுவாங்க. அம்பாளே ஒரு பிடி சாப்பிட்டாளாம், நீயும் சாப்பிடும்மான்னு சொல்லுவாங்க. ஒரு பிடி எடுப்பாங்க. சாப்பிட்டதும் அழுவாங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுப்பேன்."

"நீங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"பாட்டுக்காரர் பொண்டாட்டின்னு தெரியும். அவ்வளவுதான். அம்பாள் இல்லை, இவதான் சாப்பிட்டான்னு நீங்க மேடையில சொல்லிட்டா, அடுத்த வெள்ளிக்கிழமை வர்றவ அந்தப் பிடியை எடுப்பாளா?"

"தெரியலையேம்மா."

"எனக்கும் தெரியலை அண்ணே."

சட்டைநாதன் திரும்பினார். நாலடி போனதும் அவள் கூப்பிட்டாள்.

"தையல் பேரை மட்டும் எங்கயாவது சொல்ல முடியுமா? அத்தனை பேர் கேக்கற இடத்துல ஒரு தடவை?"

அவர் வந்து குருவின் எதிரே உட்கார்ந்தார். அவள் சொன்னதையும் கேட்டதையும் அப்படியே சொன்னார்.

"முன்னைவிடச் சிக்கலாயிடுச்சு ஐயா. ஊர்க் கதையைச் சொன்னா குழந்தை மறைஞ்சு போகுது. நடந்ததைச் சொன்னா வெள்ளிக்கிழமை வர்றவங்க தட்டை நான் தட்டிவிட்ட மாதிரி ஆயிடும். நான் பேசவே போகலை."

"போகாட்டி குழந்தை பேரை யார் சொல்றது?"

சட்டைநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குச் சொல்லத் தெரியலை."

"வைத்தியலிங்கத்துக்குத் தையல்நாயகின்னு ஒரு பொண்ணு இருந்தாள்னு சொல்லும்."

"சரி ஐயா."

"அவ ஆறு வயசுல போயிட்டா. அதுக்கப்புறம் அவர் வீட்டுல சோத்துத் தட்டுக்கு முன்னால உட்கார்ந்து பாடின பாட்டு இது."

"சரி."

"செண்பகவல்லி சாப்பிட்டாள்."

சட்டைநாதன் காத்திருந்தார்.

"அவ்வளவுதானா? எந்தச் செண்பகவல்லின்னு சபையில யாராவது எழுந்து கேட்டா?"

"அன்னைக்குத் தெருவுல நின்னவங்க யாரும் அதைக் கேக்கலை, பண்டிதரே. நிஜமாவே சாப்பிட்டாளான்னுதான் கேட்டாங்க."