பட்டியலில் இருந்த நால்வர்

“அந்த மலையில வாயைத் திறக்க ஒரு ஆள் இல்லை, மேடம்,” என்றார் குணாளன்.

குணாளன் இருபத்திரண்டு ஆண்டுகள் மாவட்டச் செய்தியாளராகப் பணியாற்றியவர். பழங்குடி ஊர்களின் கல்வி நிலையை நேரில் கண்டு எழுதுவோர்க்கென வழங்கப்படும் ஓராண்டு ஊடக நல்கை, நாற்பத்தேழாம் வயதில் அவருக்குக் கிட்டியிருந்தது.

நல்கை பெற்றோர் எழுதுவனவற்றைப் படித்து, திருத்தி, ஒப்பமிடும் வழிகாட்டியாக அமர்த்தப்பட்டிருந்தவர் திலகவதி. குணாளனைவிடப் பதினோரு வயது இளையவர். இதனைக் குணாளன் தொடக்கத்தில் ஒரு குறையாகவே எண்ணியிருந்தார். இரண்டு கட்டுரைகள் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தபின் அவ்வாறு எண்ணுவதை விட்டுவிட்டார்.

திலகவதி மூன்றாம் கட்டுரையைக் கையிலெடுத்தார். அதன் தலைப்பு ‘நான்கு குழந்தைகள் எங்கே?’ என்றிருந்தது.

மலையுச்சி ஊரின் தொடக்கப் பள்ளியில், வருகைப் பதிவேட்டின்படி, நான்கு குழந்தைகள் ஜூன் மாதம் முதல் வரவில்லை. குணாளன் நான்கு பெயர்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு நான்கு வீடுகளுக்கும் சென்றார். வாசலில் நின்று ஒவ்வொரு பெயரையும் உரக்கச் சொல்லி, எங்கே என்று வினவினார். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டனர். ஒரு வீட்டில் எரியும் அடுப்பில் நீரை ஊற்றி அணைத்தனர். ஏனைய இரு வீட்டாரும் எழுந்து காட்டுக்குள் போய்விட்டனர்.

குழந்தைகள் தோட்ட வேலைக்கு அனுப்பப்பட்டிருக்கக்கூடும் என்று கட்டுரை முடிந்தது.

“வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும், மேடம். உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அன்னைக்கு விட்டா என் ஃபெல்லோஷிப்பே நின்னுபோகும்.”

“வகுப்புல எத்தனை பேர் உக்காந்திருந்தாங்க, சார்?”

“முப்பத்திநாலு.”

“போன வருஷம்?”

“அதே முப்பத்திநாலுதான். நாலு பேர் நின்னுட்டாங்க, புதுசா நாலு பேர் சேர்ந்திருக்காங்க.”

“அந்தப் புது நாலு பேர் எங்கேயிருந்து வந்தாங்க?”

குணாளன் தம் குறிப்பேட்டைப் புரட்டினார்.

“கேக்கலை.”

திலகவதி பெயர்கள் எழுதிய தாளை மட்டும் எடுத்து, மடித்து, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

“திரும்பப் போய்த் தேடுங்க.”

“பேரை நீங்க பூட்டி வெச்சுட்டா நான் எப்படித் தேடறது?”

“பேர் இல்லாம தேடுங்க.”

“சாமியார் மாதிரி பேசாதீங்க, மேடம். நான் ரிப்போர்ட்டர்.”

“அதனாலதான் சொல்றேன்,” என்று கூறி, திலகவதி அடுத்த கட்டுரையைக் கையிலெடுத்தார்.

*

மறுநாள் புதன்கிழமை. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் நடந்து குணாளன் பள்ளியை அடைந்தார்.

வகுப்பில் முப்பது பேர் இருந்தனர். முன்வரிசை வெறுமையாகக் கிடந்தது.

ஆசிரியை ரோசலின் அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் அப்பள்ளிக்கு மாற்றலாகி வந்தவர். குணாளன் வந்துபோன மறுநாளிலிருந்து நான்கு குழந்தைகள் வருவதில்லை என்று அவர் தெரிவித்தார்.

“பட்டியல்ல இருந்த நாலு பேரா?”

“அவங்கதான் ஜூன்லயே இல்லையே, சார். இது புதுசா சேர்ந்த நாலு பேர்.”

அவர்கள் எவ்வாறு சேர்ந்தனர் என்று குணாளன் கேட்டார். பள்ளி திறந்த முதல் நாளில் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை அழைத்ததாகவும், நான்கு பெயர்களுக்கு மறுமொழி வரவில்லை என்றும், அப்பெயர்களைச் சொன்னபோது வகுப்பு முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது என்றும் ரோசலின் கூறினார். பதிவேட்டில் இல்லாத நான்கு பிள்ளைகள் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். எந்த ஊர் என்று கேட்டதற்கு, இந்த ஊர்தான் என்றனர். அவர்கள் சொன்ன பெயர்களைக் கடைசியில் எழுதிச் சேர்த்துக்கொண்டார்.

“புதுசா நாலு பிள்ளைங்க வந்தா எந்த டீச்சர் சார் வேண்டாம்னு சொல்லுவாங்க?”

குணாளன் வெற்று முன்வரிசையைப் பார்த்தார். பின்னர், கதவைச் சாத்திய வீட்டை நோக்கி நடந்தார்.

வழியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவரைக் கண்டதும் “கூப்பிடறவரு வராரு” என்று சொல்லியவாறு புதருக்குப் பின்னால் ஓடினர். அவ்வூரில் அவருக்கு அப்பெயர் நிலைத்துவிட்டிருந்தது.

இம்முறை அவர் வாசலில் நின்று ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கல்லின்மீது அமர்ந்தார். நிழல் அவரைக் கடந்து வேலிவரை நகர்ந்தபின் அவ்வீட்டுக்காரி கெம்பி வெளியே வந்தாள்.

“இன்னைக்கு யாரைக் கூப்பிட வந்தீங்க?”

“யாரையும் இல்லைம்மா. தண்ணி தாகம்.”

அவள் சொம்பில் நீர் கொண்டுவந்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். அதன்பின் பேசினாள்.

சென்ற மழைக்காலத்தில் அவளுடைய மாமியார் இறந்துபோனார். அதே மழையில் மேலும் மூன்று வீடுகளில் பெரியவர்கள் இறந்தனர். இறந்தவர் பெயரை அவ்வூரில் எவரும் சொல்லுவதில்லை. சொன்னால், மறுவுலகை நோக்கி நடந்து போய்க்கொண்டிருப்பவர் திரும்பிப் பார்ப்பார். ஆதலால், அவர்களுடைய பெயர்களைத் தாங்கியிருந்த பேரப் பிள்ளைகளுக்கு வேறு பெயர் வைத்தாயிற்று.

“நீங்க வாசல்ல நின்னு மூணு தடவை கூப்பிட்டீங்க,” என்றாள் கெம்பி. “நல்ல கனமான குரல் உங்களுக்கு. எவ்வளவு தூரம் போயிருந்தாலும் கேட்டிருக்கும்.”

கதவின் இடுக்கில் ஒரு சிறுமியின் முகம் தெரிந்தது. முன்வரிசையில் அவர் பார்த்திருந்த முகம்.

“இவளை எப்போ பள்ளிக்கூடம் அனுப்புவீங்க?”

“திரும்பி வந்தவங்க பேத்தியைத் தேடி அங்கதானே போவாங்க? அவங்க மறுபடி கிளம்பட்டும். பன்னெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் யாரும் கூப்பிடாம இருக்கணும்.”

“நான் இனிமே கூப்பிட மாட்டேன்.”

“நீங்க பேப்பர்ல எழுதறவராமே. எழுதிட்டீங்கன்னா படிக்கிறவங்க எல்லாம் கூப்பிடுவாங்களே.”

குணாளன் சொம்பைத் தரையில் வைத்தார்.

அன்று மாலை அலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் பாறைமீது ஏறி நின்று, வெள்ளிக்கிழமை கட்டுரை வராது என்று திலகவதிக்குத் தெரிவித்தார். காரணம் ஏதும் கூறவில்லை. திலகவதியும் கேட்கவில்லை.

அவர் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் தங்கினார். வெள்ளிக்கிழமை வந்து, சென்றது. பகலில் ரோசலினுக்கு உதவியாக இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல் கற்பித்தார். தாழ்ந்த குரலில் பேசுவது அவருக்கு எளிதாக வரவில்லை. பிள்ளைகள் அதைக் கண்டு சிரித்தனர்.

பதின்மூன்றாம் நாள் காலையில் கெம்பியின் மகள் வந்து முன்வரிசையில் அமர்ந்தாள். மணி அடிப்பதற்குள் மற்ற மூவரும் வந்துவிட்டனர்.

குணாளன் அன்றே மலையிறங்கினார்.

*

நல்கைக் குழுவினரின் கடிதம் மேசைமீது இருந்தது. உரிய நாளில் கட்டுரை அளிக்காத குணாளனைத் தொடரச் செய்வதா, நிறுத்துவதா என்பதை வழிகாட்டியே எழுதியனுப்ப வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

“நாலு பேரும் கிடைச்சாங்களா?” என்று திலகவதி கேட்டார்.

“கிடைச்சாங்க. முன்வரிசையில இருக்காங்க.”

அவர் நீட்டிய புதிய கட்டுரையைத் திலகவதி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். பின்னர் இழுப்பறையைத் திறந்து, மடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பிரித்தார்.

“இதுல ஒரு பேர்கூட இல்லையே, சார். சரிபார்க்க வேண்டாமா? முதல் பேர்...”

குணாளனின் உள்ளங்கை தாளின்மீது விழுந்து எழுத்துகளை மூடியது.

“வேண்டாம், மேடம்,” என்றார். அடுத்த மேசைக்குக் கேட்காத குரலில் சொன்னார். “இன்னும் வழியிலதான் இருப்பாங்க.”

திலகவதி குழுவின் கடிதத்தை அருகில் இழுத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.