தழும்பு எப்படி வந்தது?

“அவருக்கு மறந்துபோச்சுங்க. என் கைக்கு மறக்கலையே.”

மருத்துவமனையில் மாத்திரை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பூமயில் அக்கா, பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எங்கள் தெருதான். அதற்குப் பிறகு அந்த வீட்டைக் கவனிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அவள் கணவர் தவசிலிங்கம், கரூரில் பஸ்களுக்கு ஊர்ப் பெயர் எழுதியவர். இருபத்திரண்டு வருடக் குடி. முதலில் கை நடுங்கி எழுத்து கோணியது. பிறகு கண் மஞ்சளானது. பாதம் மரத்துப்போய், காலை அகட்டி வைத்து நடந்தார். போன ஆடியில் விழுந்து, மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் அவர் நினைவில் இல்லை. புதிதாகச் சொல்வதும் தங்குவதில்லை. கட்டிலில் கிடந்தபடியே, “இப்பத்தான் பழனி வண்டிக்கு எழுதிட்டு வர்றேன்” என்பார். நம்பித்தான் சொல்வார். இனிமேல் குடித்தால் நடையும் போய்விடும், வீட்டு ஆட்களையும் தெரியாமல் போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

தான் குடித்துச் சீரழிந்ததுகூட அவருக்கு ஞாபகமில்லை. சாதுவாகிவிட்டார். மனம் கலங்கினால் மட்டும் கால் தானாகச் சாராயக் கடைப் பக்கம் போகும்.

பூமயில் சோறு போடக் கை நீட்டும்போது, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இருக்கும் தீத்தழும்பைப் பார்ப்பார். “ஏம்புள்ள, இது எப்படி ஆச்சு?” ஒவ்வொரு வேளையும், முதல் தடவை கேட்பதுபோல.

“ஸ்டவ் வெடிச்சுதுப்பா” என்பான் மகன் கதிரேசன். “நான் எங்க போயிருந்தேன்? பக்கத்துல இல்லாம போயிட்டேனே” என்று தவசிலிங்கம் அந்தத் தழும்பைத் தடவிக்கொடுப்பார். பூமயில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள்.

தாராபுரத்திலிருந்து வந்த மகள் சுகந்தி ஒரு நாள் சொல்லிவிட்டாள். “நீங்கதான்ப்பா. குடிச்சுட்டு வந்து, அடுப்புல இருந்த தோசைக்கல்லை எடுத்து அம்மா கையில வெச்சீங்க.” அழுதார். சோறு இறங்கவில்லை. கால் மணி நேரத்தில் காரணம் மறந்துவிட்டது, கலக்கம் போகவில்லை. சாயங்காலம் கடை வாசலிலிருந்து அவரைக் கதிரேசன் இழுத்து வந்தான்.

“உனக்கென்னக்கா, சொல்லிப்போட்டு பஸ் ஏறிருவே. தேடி ஓடறது நான்.”

“மறந்துட்டா செய்யலைன்னு ஆயிருமாடா? அம்மா பட்டதையெல்லாம் ஸ்டவ் மேல போட்டுருவியா?”

அவர் கேட்கும்போது பூமயில் எதுவும் சொல்வதில்லை. அப்போதும் அவர் விடமாட்டார், கேட்டுக் கேட்டே கலங்கிவிடுவார். மார்கழியில் மூன்று நாள் மகளுடைய பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பரிமாறினாள். அந்த மூன்று நாளும் வீட்டில் சத்தமில்லை.

பொய் சொன்னால் அவள் நோகிறாள். உண்மையைச் சொன்னால் அவர் கடைக்குப் போகிறார். சும்மா இருந்தால் இரண்டும் நடக்கிறது. இதில் யார் செய்தது சரி?

விடை: கேட்டால் என்ன சொல்வது என்றே மூவரும் யோசித்தார்கள். தழும்பைப் பார்த்தபோது மட்டும்தான் அவர் கேட்டார். பங்குனியில், வெயில் ஏறிய பிறகு, பூமயில் துணி எடுத்து நான்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தாள். நான்குக்கும் மணிக்கட்டு வரை கை.