மாலையின் நடுவில் தொங்கிய பல்

முன்னொரு காலத்தில் செங்கழுநீர் நாட்டை மாறகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அந்த வாரம் முழுக்க அவரை ஆண்டது அவருடைய கடைவாய்ப் பல்தான். கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. தன்னால் முறுக்கு கடிக்க முடியவில்லை, ஆகவே நாட்டில் ஒருத்தரும் முறுக்கு கடிக்கக் கூடாது என்று தண்டோரா போடச் சொல்லிவிட்டார் மனுஷன். பொக்கைவாய்க் கிழவர்களுக்கு மட்டும் அதில் பரம சந்தோஷம்.

மறுநாள் அந்தப் பல்லைப் பிடுங்கப்போகிறவர் அரண்மனைப் பல் வைத்தியர் உருத்திரப்பர். பிடுங்கிய பல்லையெல்லாம் பட்டுக்கயிற்றில் கோத்து வீட்டு வாசலில் மாலையாகத் தொங்கவிடுவது அவர் வழக்கம். போகிற வருகிறவர்கள் நின்று வாயைப் பிளக்க வேண்டும், அதிலேயே அவருக்கு வயிறு நிறைந்துவிடும். சபையில் வேறு யாருக்காவது ராஜா பொன்னாடை போர்த்தினால் மட்டும் சோறு இறங்காது.

போன வருஷம் அப்படிப் பொன்னாடை வாங்கியவர் நாகசுரக்காரர் சண்பகராமர். அவர்தான் அன்றைக்குச் சபையில் வந்து நின்றார். வாயைத் திறந்தால் வார்த்தைக்கு முன்னால் காற்று வந்தது. மேல்வரிசை முன்பல் ஒன்றைக் காணோம். அதனால் அவர் மனைவி குயிலாம்பாள்தான் பேசினாள்.

உள்பக்கத்துச் சொத்தைப் பல்லைப் பிடுங்கத்தான் இவர் வைத்தியரிடம் போனாராம். அந்த நேரம் பார்த்து அரண்மனைப் பல்லக்கு ஒன்று தெருவில் வந்திருக்கிறது. அது தன் வீட்டுக்குத்தான் வருகிறதா என்று வைத்தியர் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டே, குறடு எதைப் பிடித்ததோ அதை இழுத்துவிட்டாராம். இப்போது நாகசுரத்தின் சீவாளியை உதட்டில் வைத்தால் ஓட்டை வழியே காற்று போகிறது, ராகம் வரவில்லை. பத்து நாளில் ராஜகுமாரி கல்யாணம். இவர் ஊதாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

"நஷ்டத்துக்கு வைத்தியர் பதில் சொல்லணும், மகாராஜா," என்றாள்.

உருத்திரப்பர் சிரித்தார். தான் பிடுங்கியது புழுத்துப்போன பல்தான் என்றும், இந்த ஆள் ஊதி ஊதியே பல்லைக் கெடுத்துக்கொண்டான் என்றும் சொல்லிவிட்டு, "நல்ல பல் என்றால் அந்தப் பல்லைக் காட்டட்டுமே," என்றார்.

ராஜாவுக்கு அப்போது பார்த்து ஒரு வலி சுள்ளென்று வந்தது. வலி வந்தால் நியாயம் எங்கே வரும்? உச்சிக்கால மணி அடிப்பதற்குள் பல்லைக் காட்டாவிட்டால் நாகசுரத்தைப் பறித்துக்கொண்டு இருவரையும் நாடு கடத்துவேன் என்று கத்திவிட்டார். சண்பகராமர் வாத்தியத்தைக் குழந்தையை அணைக்கிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டார்.

குயிலாம்பாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு முகத்தை ரொம்பப் பவ்யமாக வைத்துக்கொண்டு கும்பிட்டாள். "இவ்வளவு பெரிய வைத்தியரைக் குறை சொன்னது எங்க தப்புதான். நாளைக்கு மகாராஜா பல்லையே தொடப்போறவர். அவரோட பல் மாலையைச் சபைக்குக் கொண்டுவந்து அவர் கழுத்திலேயே போட்டுக் கௌரவிக்க வேண்டாமா?"

உருத்திரப்பர் முகம் பூத்துவிட்டது. பல்லக்கு அனுப்பி மாலையைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது மாலை. முந்நூறு பல்லும் கடகடவென்று ஆட, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார் பாருங்கள், ஐயோ, அந்தக் காட்சி. சபையோர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

குயிலாம்பாள் அதிசயப்பட்டாள். "நடுவிலே பதக்கம் மாதிரி ஒண்ணு பளபளன்னு இருக்கே, சாமி."

"அதைக் கேள்," என்றார் வைத்தியர். மற்றதெல்லாம் தொட்டதும் வந்துவிட்டது, இது ஒன்றுதான் தன்னோடு மல்லுக்கட்டியது. இரண்டு பேர் தோளைப் பிடிக்க, தான் மார்பில் காலை ஊன்றி இழுத்தும் அரை நாழிகை ஆனது என்று பெருமை பொங்கச் சொன்னார்.

ராஜாவே ஆசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார். "எந்த மல்லனுடைய பல் அது?"

"மல்லனாவது, இதோ நிற்கிறானே, இந்த மேளக்காரனுடையதுதான்," என்றார் உருத்திரப்பர்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். கடித்து என்ன பிரயோஜனம்?

ராஜா மாலையைப் பிடித்து இழுத்தார், மாலையோடு வைத்தியரும் வந்தார். பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டுச் சொத்தை இல்லை. சண்பகராமர் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே, கறுத்துப்போன பல் இருந்த இடத்திலேயே சௌகரியமாக இருந்தது. ராஜாவின் கை தானாகத் தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டது. அந்த நேரத்தில் உச்சிக்கால மணி அடித்தது.

"என்ன வேண்டும், கேள் அம்மா," என்றார்.

அவள் அளவோடுதான் கேட்டாள். யானைத் தந்தத்தில் ஒரு பல் கட்டித் தர வேண்டும். சொத்தையை வேறு யாராவது எடுக்க வேண்டும். தந்தப் பல் வாய்க்குப் பழகும்வரை வைத்தியரின் மானிய நிலத்து நெல் தங்கள் வீட்டுக்கு வர வேண்டும். ராஜா மூன்றையும் கொடுத்துவிட்டு, ஒரு தண்டனையைத் தன் பங்குக்குச் சேர்த்தார். இனி வைத்தியர் குறட்டில் கை வைக்கக் கூடாது. சண்பகராமர் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்து ஊத வேண்டும். ஒத்து என்றால் ஒரே சுரத்தை, மூச்சு விட்டது தெரியாமல், கச்சேரி முடியும்வரை ஊதிக்கொண்டே இருக்கும் வேலை.

மறுநாள் வேறொரு வைத்தியர் வந்தார். ராஜா தன் விரலை வலிக்கிற பல்லின் மேல் வைத்து, நாலு மந்திரிகளைச் சாட்சிக்கு எட்டிப் பார்க்கவைத்து, அதன் பிறகுதான் வாயைக் கொடுத்தார். பல் கைக்கு வந்ததும் அதிலுள்ள சொத்தையைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அழவே ஆரம்பித்தார்.

கல்யாணத்தன்று சண்பகராமரின் நாகசுரத்திலிருந்து ஒரு துளிக் காற்று வீணாகவில்லை. குயிலாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். தடை நீங்கிய சந்தோஷத்தில் பந்தல் முழுக்க முறுக்குச் சத்தம். பக்கத்தில் கன்னம் இரண்டும் உப்ப ஒத்து ஊதிக்கொண்டிருந்த உருத்திரப்பர், வாசலில் பல்லக்கு ஒன்று வந்து நின்றதும் மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார்.

ராஜா முறுக்கை மென்றுகொண்டே சொன்னார். "வைத்தியரே, வாசலைப் பார்க்காமல் ஊதும்."